கோடு போடுவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வெள்ளம், புயல், கடும் வெப்பம் இவற்றைத் தாக்குப்பிடிக்க ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு காலநிலைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நின்றன: திட்டம் சரி, அதில் எங்களுக்கு என்ன வேலை? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் பகுதி வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் திரையில் படம் போட்டு விளக்கினார்கள். கடைசிப் பத்து நிமிடம் "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் இதற்கெல்லாம் போகத்தான் வேண்டுமா?
(ஒரு குடியிருப்பு நலச் சங்க உறுப்பினர்)

பதில்: போக வேண்டும். ஆனால் நீங்கள் போனது கருத்துக் கேட்கும் கூட்டமே இல்லை, எடுத்த முடிவைச் சொல்லும் கூட்டம். இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் அடுத்த முறை என்ன கேட்பது என்பது தானாகத் தெரியும்.

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர், நகர மேம்பாட்டுத் திட்டங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவத்தில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பே கிடையாது, மக்களைத் தட்டிக்கொடுத்துச் சமாளிப்பதுதான் நடக்கிறது. நடுவில் மூன்று படிகள்: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஓரிருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது. இங்கே பேசலாம், பேசியது திட்டத்தில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே உள்ள மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்கு உண்மையான பங்கு கிடைக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் பெரும்பாலான காலநிலைக் கூட்டங்கள் அந்த நடுப் படிகளைத் தாண்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் திட்டத்தில் இன்னும் முடிவாகாதது எது?" ஏதாவது இருக்கிறது என்றால் மீதி நேரம் முழுக்க அதைப் பற்றி மட்டும் பேசுங்கள், ஏனென்றால் உங்கள் வார்த்தைக்கு எடை இருப்பது அங்கேதான். எல்லாம் முடிவாகிவிட்டது என்றால், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. போன முறை மக்கள் சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே "ஏற்றோம்" அல்லது "ஏற்கவில்லை, காரணம் இது" என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். பதில் வராத ஊரில் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது, அப்புறம் "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று அதிகாரிகளே சொல்வார்கள்.

கேள்வி: எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்புதான். மழை அளவு, நீர்மட்டம், வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி என்று பேசுகிறவர்கள் முன்னால் நான் என்ன சொல்லிவிட முடியும்?
(ஒரு தையற்கலைஞர்)

பதில்: நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தார்கள். ஆற்றங்கரை ஓரமாக நீல வண்ணம், அங்கிருந்துதான் வெள்ளம் வரும் என்பது கணக்கு. அதிகாலையில் வீடு வீடாகப் பேப்பர் போடும் இளைஞர் ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். யாரோ பிடித்து இழுத்து உட்கார வைத்ததும், நீல நிறமே இல்லாத ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஆத்துல இருந்து வர்றதுக்கு முன்னாடி இங்க வந்துடும் சார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற மூடி வழியா முதல்ல குமிழ் குமிழா வரும், அரை மணி நேரத்துல சைக்கிள் சக்கரம் பாதி முங்கிடும்." பொறியாளர் ஒரு நிமிடம் பேசவில்லை. பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வட்டம் போட்டார். விஷயம் இதுதான்: ஆற்றின் மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால் மழைநீர் ஆற்றுக்குப் போக முடியாது, குழாய் வழியாகத் திரும்பி ஊருக்குள் வரும். கரையை எவ்வளவு உயர்த்தினாலும் அது நிற்காது. தண்ணீர் வெளியே மட்டும் போகிற மாதிரி குழாய் வாயில் ஒருவழிக் கதவு வைக்க வேண்டும். அந்த இளைஞருக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் இடம் தெரியும், நேரம் தெரியும்.

இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்று ஒரு சின்ன ஊர். 1999, 2000, 2002, 2007 என்று நாலு முறை வெள்ளம். ஊருக்குள் தடுப்புச் சுவர் கட்ட 2 கோடி பவுண்டு ஆகும், ஊரின் அளவுக்கு அது கட்டுபடியாகாது என்று கைவிட்டார்கள். அந்தச் சமயத்தில் அங்கே போன பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஊர்க்காரர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டு கிளம்பாமல், ஒரே குழுவாகத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து கணினி மாதிரியையே அவர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். சுவருக்குப் பதிலாகத் தண்ணீரை மேட்டுப் பகுதியிலேயே நிறுத்தி மெதுவாக விடலாம் என்ற யோசனை அங்கே வலுப்பெற்றது. 2009-இல் தொடங்கிய திட்டத்தில் ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளால் 160-க்கும் மேற்பட்ட கசியும் தடுப்புகள், 40,000 மரங்கள், ஊருக்கு மேலே 1.2 லட்சம் கனமீட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஒரு தேக்கம். 2015 டிசம்பர் 26 அன்று வட இங்கிலாந்தில் பல ஊர்களில் வெள்ளம் புகுந்தபோது பிக்கரிங் தப்பித்தது. ஆற்றின் உச்ச ஓட்டம் 15 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். இன்னும் பெரிய மழைக்கு இதே ஏற்பாடு போதாமல் போகலாம், எல்லா ஊருக்கும் கட்டைத் தடுப்பு சரிப்படாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "நிறையத் தண்ணீர் வந்தது" என்று சொல்லாதீர்கள், அதை வைத்துப் பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டு மணிக்கு வாசற்படி, மூன்றே காலுக்கு ஜன்னல் விளிம்பு, மறுநாள் மாலைதான் வடிந்தது" என்று சொல்லுங்கள். சுவரில் கறை படிந்த உயரத்தைத் தையல் டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அந்த டேப் உங்கள் கையிலேயே இருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். மக்களைக் கூப்பிட்டால் ஆளாளுக்குத் தன் தெருவை மட்டும் பார்ப்பார்கள், திட்டம் பத்து வருடம் இழுக்கும், அதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. பங்கேற்பு நேரம் பிடிக்கும் வேலைதான், ஆளாளுக்குத் தன் தெருவைப் பார்ப்பதும் உண்மைதான். ஒரு தெருவில் எழுப்பும் கரை அடுத்த தெருவுக்குத் தண்ணீரைத் தள்ளும், அதனால் சண்டையும் வரும். அந்தச் சண்டை கூட்டத்தில் வருவது நல்லது என்பது என் கட்சி. இல்லாவிட்டால் பாதி வேலை முடிந்த பிறகு நீதிமன்றத்தில் வரும், அப்போது ஆகும் தாமதத்தை யாரும் பங்கேற்பின் கணக்கில் எழுதுவதில்லை.

நெதர்லாந்தில் ஓவர்டீப்ஸ என்ற தாழ்நிலம். ஆறு பெருகும்போது தண்ணீரைத் திருப்பிவிட அரசுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அங்கே 17 விவசாயக் குடும்பங்கள். அரசின் வரைபடம் வரட்டும், எதிர்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, தாங்களே ஒரு திட்டத்தோடு போனார்கள்: ஆற்றோரக் கரையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், பெருவெள்ளத்தில் நிலம் மூழ்கட்டும், ஆனால் பின்கரையை ஒட்டி உயரமான மண்மேடுகள் போட்டுத் தாருங்கள், வீட்டையும் தொழுவத்தையும் அதன்மேல் கட்டிக்கொள்கிறோம். அரசு ஏற்றது. 2015-இல் வேலை முடிந்தது, எட்டு மேடுகள் எழுந்தன. பாதிக் குடும்பங்கள்தான் அங்கே தங்கின, மற்றவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சு தொடங்கியதிலிருந்து முடியும் வரை பத்து வருடத்துக்கு மேல் ஆனது, நீங்கள் சொன்ன அதே பத்து வருடம். ஆனாலும் அந்த மேடு என்ற யோசனை வந்தது அங்கே மாடு வைத்திருந்தவர்களிடமிருந்து. அந்த நாட்டில் இது வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. தண்ணீரை நிர்வகிக்கவென்றே தனியாகத் தேர்தல் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நீர் வாரியங்கள் அங்கே 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வழிவழியாக வருகின்றன, இப்போது 21 இருக்கின்றன.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு ஆவணத்தில் இருக்கும் படத்தையும் எண்களையும் சாதாரண வார்த்தையில் சொல்லிப் புரியவைக்க ஒரு ஆள் எல்லா ஊருக்கும் தேவை. "நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள், அடுத்தடுத்த வருடம்கூட வரலாம். இதை யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் போதும், கூட்டத்தின் பேச்சே மாறிவிடும்.

கேள்வி: எங்கள் கூட்டங்களுக்கு எப்போதும் அதே பதினைந்து பேர்தான் வருகிறார்கள். பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வயதானவர்கள் யாரும் வருவதில்லை. எப்படி வரவழைப்பது?
(ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: வரவழைப்பதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, நீங்கள் அவர்களிடம் போக வேண்டும். இந்தக் கேள்விக்குத்தான் உயிர்க் கணக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக.

1970 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1972-இல் வங்கதேசத்தில் தன்னார்வலர்களை வைத்துப் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். எச்சரிக்கை வந்ததும் கொடி ஏற்றுவது, மெகாபோனில் கூவிக்கொண்டே போவது, கையால் சுற்றும் சைரனை ஒலிப்பது, நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களே. இருந்தும் 1991 புயலில் ஏறக்குறைய 1.38 லட்சம் பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். ஏன் என்று விசாரித்தபோது வந்த காரணங்களைப் படித்தால் மனசு பதறும். புயல் காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லை, தனிக் கழிப்பறை இல்லை. வீட்டு ஆண் வராமல் கிளம்ப முடியவில்லை. ஆடு மாட்டை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. காப்பகம் கட்டுவதற்கு முன் நாலு பெண்களைக் கூப்பிட்டு "நீங்கள் இங்கே வருவீர்களா?" என்று கேட்டிருந்தால் இதில் பாதி அன்றைக்கே தெரிந்திருக்கும். பிறகு கட்டிய காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைக்கு இடமும் வந்தன. இப்போது அந்தத் திட்டத்தில் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார்கள், அங்கே உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வானிலைக் கணிப்பு மேம்பட்டதும் கரைகளும் காப்பகங்களும் கூடியதும் இதற்குக் காரணம்தான். ஆனால் எச்சரிக்கையை நம்பி ஒரு பெண் குழந்தையோடு கிளம்பினாள் என்றால், அவளுக்குத் தெரிந்த இன்னொரு பெண் கதவைத் தட்டினாள் என்பதும் ஒரு காரணம்.

உங்கள் ஊருக்கு வருவோம். கூட்டத்தை வேலை நாள் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு வாடகைக்கு இருப்பவர் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம், பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம், இவ்வளவுதான். நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பிள்ளைகளிடம் "வெள்ளம் வந்தால் உங்கள் வீட்டில் முதலில் எதைத் தூக்கி மேலே வைப்பீர்கள்?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மருந்துப் பெட்டி, பாட்டியின் ஊன்றுகோல், தையல் மெஷின் என்று வரும். மாடி இல்லாத வீடு எது, நடக்க முடியாதவர் யார், பிழைப்புக்கு என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஊர் முழுக்கப் படிக்கக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்துக்குச் சரி. வெயிலுக்கு மக்கள் என்ன திட்டம் போட முடியும்?

பதில்: யார் தனியாக இருக்கிறார்கள் என்ற திட்டம். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தபோது பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள். ஒன்றில் லட்சத்துக்கு 40 பேர் இறந்திருக்கிறார்கள், மற்றதில் லட்சத்துக்கு 4 பேர்கூட இல்லை. பிழைத்த பகுதியில் தெருவில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்தன, முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள், வராவிட்டால் யாராவது ஏன் என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியில் கடைகள் மூடி, மக்கள் வெளியேறி, தெருவே காலியாகக் கிடந்தது.

ஆகவே தெருவுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து வீடு, வெயில் எச்சரிக்கை நாட்களில் காலையும் மாலையும் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது. போன் மட்டும் போதாது, குழறிப் பேசுவதும் குழப்பமும் நேரில்தான் சட்டென்று பிடிபடும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். கைபேசியை வைத்து எங்கள் பகுதிக்கு வரைபடம் தயாரிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். அடைத்துக்கொண்ட வடிகால், கைப்பம்பு, உயரமான கட்டடம், நிழல் உள்ள இடம் என்று தொடங்குங்கள். ஆனால் தனியாக இருக்கும் முதியவர் வீடு இது என்று பொது வரைபடத்தில் குறிக்கவே குறிக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் ஒன்றரை வருடம் உழைத்து நல்ல திட்டம் ஒன்றைத் தயார் செய்தோம். அலுவலக அலமாரியில் தூங்குகிறது. பணம் இல்லை என்கிறார்கள்.
(ஒரு தன்னார்வலர்)

பதில்: பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைத் திட்டம் எழுதும்போதே எழுத வேண்டும், கடைசிப் பக்கத்தில் வேண்டுகோளாக எழுதினால் அலமாரிதான். கென்யாவில் ஐசியோலோ என்ற வறண்ட மாவட்டத்தில் தொடங்கி சில மாவட்டங்களில் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வார்டுக்கும் மக்களே தேர்ந்தெடுத்த ஒரு காலநிலைத் திட்டக் குழு. மாவட்டக் காலநிலை நிதியில் 70 சதவீதம் வார்டு குழுக்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளுக்கு, 20 சதவீதம் மாவட்ட அளவிலான வேலைகளுக்கு, 10 சதவீதம் நிர்வாகச் செலவுக்கு. மக்குவேனி மாவட்டத்தில் வளர்ச்சிச் செலவில் 1 சதவீதம் இந்த நிதிக்குப் போக வேண்டும் என்று விதியே போட்டார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் வருடா வருடம் வரும் என்று தெரிந்ததால் குழுக்கள் எந்த நீர்நிலையை முதலில் சீர்செய்வது, கால்நடைகளுக்கு எங்கே தண்ணீர் வைப்பது என்று தாங்களே வரிசை போட்டார்கள்.

உங்கள் திட்டத்தை எடுத்து மூன்றாகக் கிழியுங்கள். பணமே இல்லாமல் நீங்களே செய்யக்கூடியது, வழக்கமான பராமரிப்புச் செலவுக்குள் அடங்குவது, பெரிய நிதி வேண்டியது. முதலாவதை இந்த மாதமே செய்யுங்கள், உதாரணமாக எச்சரிக்கையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கடத்தும் சங்கிலி. இரண்டாவதைத் தனித்தனி மனுவாக, ஒரு மனுவுக்கு ஒரு வேலை, இடத்தின் படத்தோடு கொடுங்கள். மூன்றாவதைப் பட்ஜெட் தயாராகும் மாதத்துக்கு முன்னால் கொண்டுபோங்கள், பின்னால் போய்ப் பயன் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியை "பசுமைப் பகுதி" ஆக்கப் போகிறார்களாம். வரைபடத்தில் எங்கள் வீடுகளே இல்லை. இது பாதுகாப்புக்காக என்கிறார்கள். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இதுதான் நடந்தது. 2006 ஜனவரியில் நாளிதழில் ஒரு வரைபடம் வந்தது, சில பகுதிகள் மேல் பச்சை வட்டங்கள், அங்கெல்லாம் பூங்கா வரலாம் என்று. வெள்ளத்தில் வெளியூர் போய்ச் சிதறிக் கிடந்தவர்கள் தங்கள் தெரு பச்சையாக இருப்பதைச் செய்தித்தாளில்தான் பார்த்தார்கள். அதில் பிராட்மூர் என்ற பகுதிக்காரர்கள் கூடினார்கள், திரும்பி வரப்போகிறவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், சில மாதங்களில் தாங்களே மீட்புத் திட்டம் எழுதிக்கொடுத்தார்கள். பூங்கா வரவில்லை, ஊர் திரும்பியது.

ஆனால் எல்லா இடத்திலும் தங்குவதுதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்கள் நிஜமாகவே வாழ முடியாததாக ஆகிவருகின்றன, அங்கே பிடிவாதம் பிடித்தால் இழப்பது உயிரை. உங்கள் இடம் எந்த வகை என்பதைத் தீர்மானிக்க அவர்களிடம் இருக்கும் ஆய்வைக் கேட்டு வாங்குங்கள், எந்த வருட அளவீடு, கரையோ வடிகாலோ சரிசெய்தால் நிலைமை மாறுமா, அதே ஆபத்துள்ள பக்கத்து இடத்துக்கு வேறு கட்டட அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் பாதுகாப்பு என்ற காரணம் நிற்காது.

போகத்தான் வேண்டும் என்று ஆனாலும் கேட்க வேண்டியது முடிந்துவிடவில்லை. ஃபிஜியில் வுனிதோகோலோவா என்ற கிராமம் கடல் உள்ளே வந்துகொண்டே இருந்ததால் 2014-இல் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இடம்பெயர்ந்தது. இடம்பெயர வேண்டும் என்று அந்தக் கிராமமே அரசிடம் கேட்டது, போன நிலமும் அவர்களுடையதே, பலரும் நல்ல முன்மாதிரி என்று சொல்லும் இடம் அது. அங்கேயும் புது வீடுகளைக் கட்டியபோது சமையலறை வைக்கவில்லை. அதனால் உங்களுக்குப் புது வீடு என்று பேச்சு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டின் வரைபடத்தை வாங்குங்கள். திறந்த இடத்தில் அதே அளவுக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டு, சமைப்பவர், நடக்க முடியாதவர், இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவர் எல்லாரையும் அதற்குள் ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே கோட்டை அழித்துவிட்டு மாற்றிப் போட்டு, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போங்கள்.